டிக் டிக் பஞ்சாயத்து

“அந்த டிக் டிக்கை எடுக்கறதா இல்லையா? ரெண்டுல ஒண்ணு தெரியாம நான் எழுந்திரிக்கிறதா இல்ல” என்றார் அந்தப் பெண்மணி.

“அதை எடுத்தீங்கன்னா நான் எழுந்திரிக்கிறதா இல்ல” என்றார் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர். மடக்கிய வெள்ளைக் கம்பு அவர் மடியில் கிடந்தது.

நடுவில் மாட்டிக்கொண்ட மேலாளர் தண்ணீர் குடித்தார். வீடியோ கேம் தயாரிப்பில் பதினான்கு வருட அனுபவம். இப்படி ஒரு பஞ்சாயத்து அவருக்குப் புதிது.

விஷயம் இதுதான். அவர்களுடைய கார் பந்தய விளையாட்டில், கார் ஓரச் சுவரை நெருங்கினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். இடப்பக்கச் சுவர் என்றால் இடக்காதில், வலப்பக்கம் என்றால் வலக்காதில். நெருங்க நெருங்க வேகமாக அடிக்கும். ஒலிப் பொறியாளர் சோதனைக்காகப் போட்டுப் பார்த்தது. வெளியிடும்போது எடுக்க மறந்துவிட்டார். அந்த மறதியைப் பிடித்துக்கொண்டுதான் பார்வையில்லாத சிலர் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பெண்மணி புகார் எழுதினார். சத்தத்தை எடுக்கப் போவதாக நிறுவனம் அறிவித்தது. உடனே எதிர்ப்பக்கத்துக்காரர் மறுப்பு எழுதினார். புகாரும் மறுப்பும் வந்தால் இருவரையும் நேரில் கேட்க வேண்டும் என்பது அங்கே விதி.

“எங்க வீட்டுக்காரர் பொழுதன்னைக்கும் இதைத்தான் விளையாடறார் சார். ஹாலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர். சமையல்கட்டுல நின்னாலும் டிக் டிக், குளிக்கப் போனாலும் டிக் டிக்.”

“ஹெட்போன் போட்டுக்கச் சொல்லலாமே மேடம்?”

“போட்டா, நான் கூப்பிட்டது கேக்கலைன்னு சொல்ல அவருக்குச் சாக்கு கிடைச்சிடும்.”

“உங்க வீட்டுக்காரர் நல்லா ஓட்டுவாரா?” என்று ஆர்வமாகக் கேட்டார் எதிர்ப்பக்கத்துக்காரர்.

“சுமார்தான். நினைப்பு மட்டும் பெருசு.”

கேட்டவர் முகம் ஏனோ சுருங்கியது.

மேலாளர் அவர் பக்கம் திரும்பினார். “சார், பார்வையில்லாதவங்களுக்குன்னே தனியா விளையாட்டு செய்யறவங்க இருக்காங்களே?”

“இருக்காங்க. ஆனா அதை என் தம்பி விளையாட மாட்டானே! எனக்கு அவனைத் தோக்கடிக்கணும் சார். அவன் விளையாடறது உங்க விளையாட்டு. இந்தச் சத்தம் உங்க மறதியால வந்தது. என்னைக்கு ஞாபகம் வந்து எடுப்பீங்களோன்னு பயந்துக்கிட்டே ஓட்டறேன். கண்ணை மூடிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்க, புரியும்.”

மேலாளர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார். பக்கத்தில் இருந்த ஒலிப் பொறியாளர் முதலில் டிக் டிக்கை நிறுத்திவிட்டுக் காரைக் கிளப்பினார். மூன்றாவது நொடியில் டமார்.

“முதல் வளைவுலயே விட்டுட்டேனா?”

“வளைவு இன்னும் வரவே இல்ல சார்” என்றார் பொறியாளர்.

அடுத்து டிக் டிக்கோடு. இடக்காதில் அடித்தது; மேலாளர் வலப்பக்கம் ஒடித்தார். வலக்காதில் அடித்தது, இடப்பக்கம் ஒடித்தார். இரண்டு காதிலும் அமைதி என்றால் கார் நடுச்சாலையில் போகிறது என்று அவருக்கே புரிந்துவிட்டது. நான்கு வளைவுகள் தாண்டி இடித்தபோது, “இன்னும் ஒரே ஒரு தடவை” என்றார்.

“இங்கேயும் ஆரம்பிச்சாச்சா!” என்று பெண்மணி தலையில் கை வைத்தார். சலிப்போடு, மேசை விளிம்பில் இருந்த எதிர்ப்பக்கத்துக்காரரின் தேநீர்க் கோப்பையை உள்ளே தள்ளி வைத்தார்.

மேலாளர் ஹெட்போனைக் கழற்றினார். “சத்தம் இருக்கட்டும். ஆனா மெனுவில் அதுக்கு ஒரு சுவிட்ச் வைப்போம். வேணுங்கறவங்க போட்டுக்கட்டும், வேண்டாதவங்க அணைச்சுக்கட்டும். இனிமே நம்ம எல்லா விளையாட்டுலயும் இது உண்டு. சரிதானே?”

“மெனுவும் வாய் திறந்து படிச்சுக் காட்டணும் சார். இல்லன்னா சுவிட்ச் எங்கேன்னு நான் இந்த மேடத்தைத்தான் கேக்கணும்.”

“கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

“மெனுவும் படிக்கும்!” என்று அவசரமாகச் சொன்ன மேலாளர், அதை அப்படியே அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். ஒரு பெரிய சண்டையைத் தீர்த்துவைத்த பெருமிதத்தோடு லிஃப்ட் வரை வந்தார்.

“கீழே போற வரைக்குமாவது ரெண்டு பேரும் சண்டை போடாம போங்க.”

லிஃப்ட் கதவு மூடியது. எதிர்ப்பக்கத்துக்காரர் கையை நீட்டினார். பெண்மணியின் முழங்கை, பழகிய இடத்துக்கு வருவதுபோல் வந்து அதில் சேர்ந்தது.

“இந்தச் சத்தத்தை நிலையா வைங்கன்னு கெஞ்சிக் கெஞ்சி நான் எழுதின பதினோரு கடிதத்துக்குப் பதிலே இல்ல. நீ திட்டி ஒரே ஒரு புகார் எழுதின, ரெண்டே நாள்ல கூப்பிட்டுட்டாங்க” என்று சிரித்தவர், சட்டென்று குரலை மாற்றினார். “அதுக்காக, ‘சுமார்தான்’னு சொல்லணுமா?”

“அது ஒண்ணுதாங்க நடிப்பில்ல” என்றார் மனைவி.