மேஜைக் காவல்

அநியாயம் நடந்தது அண்ணிக்கு. வாராவாரம் சதுப்புநிலப் பூங்காவுக்குக் குடும்பமே கிளம்பும். எல்லோரும் நாணல் நடுவே மரப்பலகைப் பாதையில் போய்ப் பறவை பார்ப்பார்கள். அண்ணி மட்டும் மரத்தடி மேஜையில் சாப்பாட்டுக் கூடையோடு காவல். திரும்பி வந்ததும் ஆளுக்கொரு தட்டை நீட்டுவார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அங்கே மேஜைகள் கொஞ்சம், கூட்டம் அதிகம். துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதையெல்லாம் செல்லாது. ஆள் எழுந்தால் அடுத்த குடும்பம் உட்கார்ந்துவிடும்.

"அதுக்கு எப்பவும் அண்ணிதானா கிடைச்சாங்க?" என்று இந்த வாரம் கேட்டேவிட்டாள் நாத்தனார். அவள் கல்லூரியில் படிப்பது விலங்கியல். வீட்டில் வைத்திருக்கும் பெயர் வக்கீல்.

அவளே வாயைத் திறக்கவில்லை, உனக்கு எங்கே வலிக்கிறது என்று அம்மா முணுமுணுத்தாள். அவளுக்கு நடப்பதென்றாலே பிடிக்காது என்றான் அண்ணன்.

"நீ கேட்டியா அவங்ககிட்ட?"

அண்ணன் கேட்டதில்லை.

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீங்க சும்மா இருங்க அண்ணி. உங்களுக்காகத்தான் பேசிட்டிருக்கேன்" என்று அவளை அடக்கிவிட்டு, வக்கீல் மேலே வாதாடினாள். இங்கே நாயைக் கூட்டி வருகிறவர்கள்கூட அதை நாலு எட்டு நடக்க விடுகிறார்கள், நம் வீட்டு மருமகளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லையா என்றாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போகிறதே என்று அண்ணனே காவலுக்கு உட்கார்ந்தான்.

அண்ணி தயங்கித் தயங்கி எழுந்தாள். பழக்கமில்லாத சுதந்திரம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வக்கீல் முன்னால் நடந்தாள்.

பலகைப் பாதையில் ஏறியதுமே அண்ணியின் சின்ன மகளுக்குத் தாகம். அண்ணி நின்று பாட்டிலைத் திறந்தாள். பலகை வழுக்குகிறது என்று மாமியார் கையை நீட்ட, தோள் கொடுத்தாள். அண்ணன் போனில் கூப்பிட்டுக் கூடையில் கரண்டி எங்கே என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மகளின் செருப்பு வார் அறுந்தது. தூக்கிக்கொண்டாள்.

தண்ணீரோரம் நாரைகள் கூட்டமாக இறங்கின.

"அண்ணி, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க" என்று நீட்டிவிட்டு, வக்கீல் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். என்ன காட்சி, என்ன காட்சி என்று அவளுக்கு மனம் கொள்ளவில்லை. இத்தனை நாளும் இதையெல்லாம் அண்ணி பார்க்காமல் போனாளே என்று அங்கலாய்த்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் வக்கீல் அண்ணியின் பக்கமாக ஒதுங்கி வந்தாள்.

"எப்படி இருந்துச்சு அண்ணி? இனிமே வாராவாரம் இப்படித்தான். யார் என்ன சொன்னாலும் நான் விடப்போறதில்ல."

அண்ணியின் இடுப்பில் மகள். ஒரு தோளில் வக்கீலின் பை, மறு தோளில் மாமியாரின் கை. நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு, கோபமே இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்:

"உனக்குப் புண்ணியமாப் போகும், என்னை அந்த மேஜையிலயே விட்டுடு. வாரத்துல அந்தக் கொஞ்ச நேரம்தான் நீங்க யாரும் என்னைக் கூப்பிடுறதில்ல."