ஊதிக் குடித்த விஸ்கி

இதை எனக்கு முதலில் சொன்னது என் இளைய மகள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில், என் பிரார்த்தனை முடிந்து, நான் அவள் கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

கடைத்தெரு நடுவில் இருக்கும் விஸ்கி பாரில் அவளுக்கு வேலை. கவுன்ட்டரில் நின்று ஊற்றிக் கொடுப்பவள் அவள்தான். எனக்கு அது பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"நீ நினைக்கிற மாதிரி இடம் இல்லம்மா. மெத்தை நாற்காலி, மெல்லிசா பாட்டு. பாதிப் பேர் சாப்பிடத்தான் வர்றாங்க" என்பாள். நான் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஃப்ட் மாட்டுகிற ஆட்கள் ஐந்து பேர் வந்தார்களாம். பன்னிரண்டு மாடிக் கட்டடத்து வேலை அன்றுதான் முடிந்ததாம். ஃபோர்மேனின் குரல் அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்துவிட்டதாம்.

"தங்கச்சி, அஞ்சு பேருக்கும் ஒரே அளவு. சோடா, ஜூஸ்னு எவனாவது கேட்டா என்கிட்ட சொல்லு. என் ஆளுங்கள்ல பச்சைப்பிள்ளை யாரும் கிடையாது."

மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களில் வெல்டராக இருந்தவர் மட்டும் கை கழுவப் போகிறவர் போல கவுன்ட்டர் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, நான் விட்டு ஏழு மாசம் ஆச்சு. எனக்கு ஊத்தாதீங்க."

"அதை அவர்கிட்டயே சொல்லிடுங்களேன் அண்ணே."

"சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சா எனக்கு ரோஷம் வந்துடும். அந்த ரோஷத்துலதான் நான் எப்பவும் முதல் கிளாஸை எடுக்கிறது." மேஜைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "போன வாரம்தான் என் சம்சாரம் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்திருக்கா. இன்னொரு தடவை போனா வரமாட்டா" என்றாராம்.

என் கை நின்றுவிட்டது. கடவுளே, அந்த மனுஷன் கையை நீதான் பிடிச்சுக்கணும் என்று மனசுக்குள் சொன்னேன்.

"நீ தேய்ம்மா, நான் சொல்றேன்" என்றாள் மகள்.

பாரில் வேலை செய்கிறவர்கள் குடிக்க ஃப்ளாஸ்க்கில் பால் இல்லாத டீ இருந்ததாம். அதே மாதிரி கிளாஸில் நாலு ஐஸ்கட்டி போட்டு, டீயை ஊற்றி, மற்ற நாலு கிளாஸோடு சேர்த்து வைத்துவிட்டாளாம். பார்த்தால் வித்தியாசமே தெரியாதாம்.

முதல் கிளாஸ் தப்பித்தது. வறுத்த கோழி வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, பேச்சும் சிரிப்புமாகப் போனது.

இரண்டாவது கிளாஸை வெல்டர் வாய்க்குக் கொண்டுபோனார். கொண்டுபோய், மெதுவாக ஊதினார்.

"ஏழு மாசமா டீ மட்டுமே குடிச்ச வாய்ம்மா. அந்த வாசனை மூக்குல ஏறினதும் பழக்கத்துல ஊதிட்டாரு."

"ஏன் அண்ணே, விஸ்கி சுடுதா?" என்றான் எதிரே இருந்தவன். மேஜையே சிரித்தது.

ஃபோர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. "கொடு இப்படி" என்று கிளாஸைப் பிடுங்கினார்.

வெல்டர் முகம் செத்துப்போய்விட்டதாம். அவர் கை தன்னாலே பக்கத்து ஆளின் கிளாஸ் பக்கம் நகர்ந்ததை என் மகள் கவுன்ட்டரிலிருந்தே பார்த்தாளாம்.

ஃபோர்மேன் ஒரு பெரிய வாய் குடித்தார். கண்ணை மூடினார். முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு நெஞ்சில் தட்டினார்.

"அடப்பாவி, நெருப்பு மாதிரி இருக்கு. இதைக் குடிக்கிறவன் ஊதாம என்ன செய்வான்?"

"எனக்கும் ஒரு வாய் அண்ணே" என்று எதிரே இருந்தவன் கையை நீட்டினான்.

"கையை எடு. உன் வயித்துக்கு இதெல்லாம் தாங்காது. நீ கோழியைத் தின்னு."

கிளாஸை வெல்டர் முன்னாலேயே திருப்பி வைத்தாராம். வெல்டரின் கையும் அந்தக் கிளாஸுக்கே திரும்பி வந்ததாம்.

கொஞ்ச நேரம் கழித்து வெல்டர் கவுன்ட்டருக்கு வந்து, "தப்பிச்சேன் தங்கச்சி. நல்லவேளை, எங்க ஃபோர்மேனுக்கு ஒரு கிளாஸ் உள்ளே போனா நாக்கு மரத்துடும்" என்று மூச்சு விட்டாராம்.

அவர் போய் உட்கார்ந்ததும் ஃபோர்மேன் எழுந்து வந்தாராம், இன்னொரு தட்டு கோழி சொல்ல. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாகக் குரலைத் தணித்தார்.

"தங்கச்சி, அவனுக்கு அடுத்தது ஊத்தும்போது ஐஸ் போடாதே. சாயம் வெளுத்துப்போகுது, பசங்க கண்டுபிடிச்சிடுவாங்க. கொஞ்சம் ஸ்ட்ராங்கா போட்டு, ஆற வச்சுக் கொடு."

அந்த வெல்டர் இன்னும் ஒன்றும் தெரியாமல்தான் இருக்கிறார். உங்களுக்கு அவரைத் தெரிந்திருந்தால், தயவு செய்து இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.