உள்ளங்கையில் ஒரு எழுத்து

குட்டி லேப்டாப்பில் சானியா லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். திரையில் வருவதையெல்லாம் வாசித்துச் சொல்லிவந்த கணினிக் குரல் பாதி வார்த்தையில் நின்றுபோகிறது. லேப்டாப் விசிறியின் சூடான காற்று மட்டும் அவள் விரலில் படுகிறது. மெஷின் எதையோ கேட்டுக் காத்திருக்கிறது. தப்பாக எண்டர் தட்டினால் அதிலிருக்கும் மூன்று வருடப் பாடக்குறிப்புகளும் அழிந்துவிடும். கம்பத்துச் சாலையில் திராட்சை லாரி ஒன்று உறுமிப் போக, அவள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். “அம்மா, என்ன தெரியுது?” “கறுப்பா இருக்கு. நடுவுல வெள்ளையா ரெண்டு வரி.” “வாசிம்மா.” “இங்கிலீசுல கெடக்கு. எனக்கு எங்கிட்டுத் தெரியும்?” ஜெய்த்தூன் பீவி மகளின் வியர்த்த உள்ளங்கையை விரித்து, திரையைப் பார்த்துப் பார்த்து முதல் எழுத்தை வரைகிறாள். பிறவியிலேயே பார்வையில்லாத சானியாவுக்கு எழுத்தென்றால் தடவிப் படிக்கும் புள்ளிகள்தான். கோடு மேலேறுகிறது, வளைகிறது, எங்கோ முடிகிறது. “வெளங்குதா? அடுத்ததையும் எழுதவா?”