முன்னூறு எம்பிபிஎஸ் சம்பந்தம்

"மீன் கொழம்பு வெப்பியாம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா அமிர்தவல்லி கேட்டாள். டீவியில் தெரிந்த காயத்ரி வாயைத் திறப்பதற்குள் காசிநாதன் பாதி பஜ்ஜியை மென்று விழுங்கிவிட்டார்.

"வெப்பேங்க" என்று ஒருவழியாகப் பதில் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் மாப்பிள்ளை வீட்டு ஹால் அது. மாப்பிள்ளை ரஞ்சித்குமார் ஷார்ஜாவில். பெண் வேடந்தாங்கல் பக்கம், அவள் வீட்டு மாடியறையில். ரெண்டு பேரையும் அந்தப் பெரிய டீவி பக்கத்தில் பக்கத்தில் காட்டிக்கொண்டிருந்தது. பெண்ணைப் பெற்ற காசிநாதன் மட்டும் பழத்தட்டோடு நேரில் வந்திருந்தார். நல்ல இடத்தை எதிரில் உட்கார்ந்துதான் முடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வந்ததும் வராததுமாக நெட்டைப் பற்றி ஆரம்பித்திருந்தார். "நம்ம வூட்ல முன்னூறு எம்பிபிஎஸ் சம்பந்தியம்மா. மாடில டப்பா வெச்சிகீறேன். ஒயரே கெடையாது, காத்துலயே வருது. எங்க ஊர்ல வேற எவன் வூட்லயும் இல்ல." நெல் அறுக்கிற மெஷின் நாலு வைத்து வாடகைக்கு விடுகிறவர். எதையும் ஒரு நம்பர் சொல்லித்தான் பீற்றிக்கொள்வார்.

ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் காயத்ரி, அந்த நெட்டைத்தான் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "செல்லு கீதுல்ல, அது போதாதா?" என்பார் காசிநாதன். மாப்பிள்ளை வீடியோவில் பேச வேண்டும் என்றதும் ரெண்டே நாளில் டப்பா மாடி ஏறிவிட்டது.

"கல்யாணத்துக்கு அப்புறம் இந்த டியூஷன் எல்லாம் விட்டுடலாம் இல்ல? வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணும் எனக்கு" என்றான் ரஞ்சித்குமார்.

காயத்ரி அசையாமல் பார்த்தாள். ஒரு வினாடி. ரெண்டு வினாடி.

"வுட்டுடும் தம்பி, வுட்டுடும்!" என்றார் காசிநாதன்.

அப்புறம்தான் டீவியிலிருந்து குரல் வந்தது. "அதான் அப்பாவே சொல்லிட்டாரே."

அந்த நேரம் பார்த்து ஷார்ஜாவில் ஒரு பூனை ரஞ்சித்குமாரின் தோள்மேல் பாய்ந்தது. ஹாலில் இருந்தவர்கள் என்னவென்று பார்ப்பதற்கு முன்னாலேயே "ஐயோ, பூன!" என்று காயத்ரி சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாடா, நெட் சரியாகிவிட்டது என்று காசிநாதன் அடுத்த பஜ்ஜியை எடுத்தார்.

"எது வரைக்கும் படிச்சிகீற?" என்றாள் அமிர்தவல்லி.

மறுபடியும் அதே மௌனம். அமிர்தவல்லி காசிநாதன் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. பொண்ணுக்கு காது நல்லா கேக்குமில்ல?"

"ஐயையோ, அது நெட்டு சம்பந்தியம்மா! நெட்டு லேட்டு!"

"இப்பத்தானே முன்னூறுன்னீங்க?"

காசிநாதனுக்கு பஜ்ஜி தொண்டையில் நின்றது. நெட் நல்ல நெட் என்றால் பெண் மந்தம். பெண் சூட்டிகை என்றால் நெட் மட்டம். இத்தனை நேரம் தூக்கி வைத்துக் கொண்டாடியதைத் தன் வாயாலேயே திட்டவும் முடியாமல், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ரெண்டாம் நாள் அமிர்தவல்லி போன் செய்தாள். "அண்ணே" போய் "சார்" வந்திருந்தது. "நல்ல பொண்ணுதான் சார். ஆனா எம்புள்ள படபடன்னு பேசறவன். அதுக்கேத்த மாதிரி பார்க்கலாம்னு கீறோம்."

டப்பா மாட்டிய டெக்னீஷியன் ஜெபசிங் அடுத்த ஒரு மணி நேரத்தில் காசிநாதன் வீட்டு வாசலில் நின்றான்.

"இன்னாய்யா மாட்டிட்டுப் போன? எம்பொண்ணு கல்யாணமே பூட்ச்சு!"

ஜெபசிங் தன் போனைத் தட்டிக் காட்டினான். "முன்னூத்திப் பன்னண்டு காட்டுது சார். சொன்னதுக்கு மேலயே வருது."

"அப்ப ஒரு பதிலு வர்றதுக்கு ஏன்யா மூணு செகண்டு?"

"அது ஸ்பீடு இல்ல சார், லேட்டன்சி. நீங்க நெல்லு ஏத்தி அனுப்பறீங்க. ஒரு நடைல எத்தினி மூட்ட போவுதோ அது ஸ்பீடு. மொத மூட்ட போய் எறங்க எவ்ளோ நேரமாவுதோ அது லேட்டன்சி. லாரி எவ்ளோ பெர்சா இருந்தாலும், டோல்கேட்ல நின்னா நின்னதுதான்."

காசிநாதன் முகத்தில் ரெண்டு நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "அதான்யா! டோல்கேட்ல நின்னுகீது! இத அப்படியே ஒரு பேப்பர்ல எழுதி, கம்பெனி சீல் வெச்சுக் குடு. அந்தம்மா மூஞ்சில காட்டணும்."

ஜெபசிங் அந்த லேட்டன்சியையும் சோதித்தான். மாடிக்குப் போய் டப்பாவைப் பார்த்தான், இறங்கி வந்து இன்னொரு தரம் சோதித்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"இருபத்தெட்டு மில்லி செகண்டு சார். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போய்ட்டு வந்துடும். ஞாயித்துக்கெழம ரெக்கார்டும் இதுல கீது, முப்பதையே தாண்டல. எழுதணும்னா லைன் சுத்தமா இருந்துதுன்னுதான் எழுதணும்."

"அப்ப அந்த மூணு செகண்டு எங்கய்யா போச்சு?" என்று கத்தினார் காசிநாதன்.

பாடம் எடுத்து முடித்து மாடியிலிருந்து இறங்கி வந்த காயத்ரி, சட்டென்று பதில் சொன்னாள்.

"நான்தாம்பா, மனசுக்குள்ள மூணு எண்ணிட்டுப் பேசினேன்."