கழுத்தில்லாத கம்பளி

ஒரு மலைச்சரிவுச் செம்மறி மந்தையிலிருந்து பின்னல் கலை படிக்கப் பட்டணம் போன முதல் ஆடு வெள்ளச்சிதான். அவள் நூலுக்காக மந்தை முழுவதும் தன் ரோமத்தைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு குளிர்காலம் வெடவெடத்துக்கொண்டு நின்றது.

அவளுடைய முதல் கண்காட்சிக்கு எல்லோரும் வந்து இறங்கினார்கள். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பின்னல் தொங்கியது. அதற்குக் கையும் இல்லை, கழுத்தும் இல்லை.

"தலையை எந்தப் பக்கமா விடணும்?" என்றார் காரி மாமா. மந்தையில் ஒரே கறுப்புக் கிடா அவர்தான்.

வெள்ளச்சிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இது போட்டுக்கறதுக்கு இல்ல மாமா. பார்க்கறதுக்கு."

"பார்க்கறதுக்கா? இதுக்குத்தான் ரெண்டு குளிர்காலம் பல்லு கிட்டிக்க நின்னோமா?"

வெள்ளச்சியின் அம்மா பின்னலருகே போய் மோந்து பார்த்தாள். "அடியே, இந்த வரிசை நம்ம சித்தி ரோமம்."

"எங்கே, எங்கே?" என்று சித்தி முட்டிக்கொண்டு வந்தாள். பிறகு ஆளாளுக்குத் தங்களைத் தேடத் தொடங்கினார்கள். தன் வரிசைதான் அகலம் என்றாள் சித்தி. தன்னுடையதுதான் மினுங்குகிறது என்றாள் பெரியம்மா. அந்தச் சண்டையைக் கேட்கக் கேட்க வெள்ளச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மாமாவைத்தான் காணவில்லை. தேடிப் போனபோது, பின்னலின் மறுகோடியில் ஒரு கறுப்பு வரிசைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றிருந்தார். முன்னால் நின்று ரசித்துக்கொண்டிருந்த மயிலிடம் சொன்னார்:

"தம்பி, அந்தத் தோகையைக் கொஞ்சம் மடக்குங்க. என்னை மறைக்குது."