எழுபத்திரண்டு கிலோ

முள் எழுபத்திரண்டில் போய் நின்றது. இம்மி கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லை. எடை மிஷின் மேல் நின்றிருந்த மெக்கானிக், கேஸில் ஜெயித்தவர் மாதிரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"பார்த்தியா? இருபது வருஷமா இதே எழுபத்திரண்டுதான். இளைச்சுட்டேன் இளைச்சுட்டேன்னு ஊரைக் கூட்டுனியே."

மனைவி மசியவில்லை. டாக்டருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கேயோ கண்ட தண்ணீரைக் குடித்துவிட்டு, வயிற்றில் கிருமி தொற்றி, ஒரு வாரம் கட்டிலுக்கும் கழிவறைக்குமாக நடந்தார். காய்ச்சல் போனது, வாந்தி போனது. வயிறு மட்டும் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஐந்து தடவை என்றாள். பால் குடித்தால் ஆறு. எந்தக் கடைக்கு வேலைக்குப் போனாலும் இவர் முதலில் விசாரிப்பது என்ன ரிப்பேர் என்று இல்லை, பாத்ரூம் எங்கே என்றுதான். மெக்கானிக் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தன் வயிற்றுச் சமாசாரத்தை நர்ஸ் முன்னால் இப்படிப் பட்டியல் போடுவது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இதைப் பாருங்க டாக்டர்" என்று கணவரின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். பெல்ட்டில் ஆணியால் குத்திய மூன்று புது ஓட்டைகள் இருந்தன. அந்த பெல்ட்டும் இல்லையென்றால் பேன்ட் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகப் போகவேண்டியதுதான்.

பெல்ட்டுத் தோல் நாள்பட்டு இழுபட்டுப் போச்சு என்றார் மெக்கானிக். சட்டைக் காலருக்குள் நாலு விரல் நுழைகிறதே? துவைத்துத் துவைத்துத் தளர்ந்தது. கன்னம் ஒட்டிப்போனதற்கு வேலை மேல் பழியைப் போட்டார். மூன்று மாதமாக எங்கே போனாலும் ஒரே மாதிரி ரிப்பேராம், உட்கார்ந்து சாப்பிட நேரமில்லையாம்.

அவளுக்கு வாய்தான் பெரிது, உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்தபோது விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டியது. அன்றிலிருந்து அவளுக்கும் சோறு இறங்கவில்லை. வேறு ஏதாவது பெரிய வியாதியாக இருந்து, இந்த மனுஷனின் வீம்பினாலேயே முற்றிவிடுமோ என்று பயந்துதான் இன்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். கிருமி போன பிறகும் குடல் சில மாதம் முரண்டு பிடிக்கும், பாலை நிறுத்திப் பார்க்கலாம், ஒரு சிரப் எழுதித் தருகிறேன்.

"எடை இறங்கியிருந்தா நானே விட்டிருக்க மாட்டேம்மா. ரத்தம், மலம் எல்லாத்தையும் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருப்பேன். எடைதான் அசையலையே."

சொல்லப்போனால் டாக்டருக்கு மெக்கானிக் மேல் மரியாதையே வந்திருந்தது. இந்த ஒரு வாரமாக வருகிறவர்கள் எல்லோரும் எடை ஏறித்தான் வருகிறார்கள், தெருமுனையில் அந்த பேக்கரி வந்ததிலிருந்து யாருக்கும் வாய்க்கட்டு இல்லை என்று அலுத்துக்கொண்டார். இதோ, நம்ம நர்ஸே ஒரே வாரத்தில் ஏழு கிலோ. கேட்டால் வெறும் வெள்ளரிக்காய்தான் சாப்பிடுகிறேன் என்று சத்தியம் பண்ணுகிறாள். நர்ஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப மிஷின்தான் தப்பு" என்றாள் மனைவி.

பேனாவை எடுத்த டாக்டர் அதைக் கீழே வைத்தார். இந்த அம்மாளின் வாயை அடைக்க ஒரே வழிதான் இருந்தது. அவர் தினமும் காலையில் ஓடுகிறவர், அதைக் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லுகிறவர். நேற்றுக்கூட கிளப்பில் எடை பார்த்தேன், அறுபத்தெட்டு, அதற்குமேல் ஒரு கிராம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லி, ஷூவைக் கழற்றிவிட்டு மிஷின் மேல் ஏறினார்.

முள் அறுபத்தெட்டைத் தாண்டியது. எழுபதையும் தாண்டி, எழுபத்தாறரையில் போய் உட்கார்ந்தது. ஒரு வாரமாகச் சிரிக்காத நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மிஷின்ல ஏதோ கோளாறு" என்றார் டாக்டர். ஊரே ஏறி நின்றபோது குற்றம் பேக்கரி மேல் இருந்தது. டாக்டர் ஏறி நின்றதும் அது மிஷினுக்கு மாறிவிட்டது.

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. தன் உடம்பை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொண்டவர், இதைப் பொறுக்கவில்லை.

"போன வாரம் நானே சர்வீஸ் பண்ணுன மிஷின் டாக்டர் இது. இந்த ஊர்ல பாதி எடை மிஷின் என் கைபட்டதுதான். மூணு மாசமா எல்லாம் குறைச்சுக் குறைச்சுக் காட்டுது, ஒவ்வொண்ணா சரிபண்ணிக் குடுத்துட்டு வர்றேன்."

டாக்டர் மிஷினை விட்டு இறங்கவில்லை. மெக்கானிக்கின் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடைக்கல் வச்சுத்தானே சரிபார்க்கிறீங்க?"

மெக்கானிக் சிரித்தார்.

"அந்தக் கல்லைத் தூக்கிட்டு யாரு அலையறது டாக்டர்? நானே ஏறி நின்னு, முள்ளை எழுபத்திரண்டுக்குத் திருகி வச்சிடுவேன்."