டாக்டரின் இரண்டு விரல்கள்

காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே டாக்டர் சைதன்யாவின் மேசைமேல் கோடு கோடாக விழுந்து கிடக்கிறது. கிணத்துக்கடவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சாந்தாமணி, வீக்கம் பாதி வடிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சிக்குன்குனியா காய்ச்சல் போய் எட்டு மாதமாகிறது; மூட்டு வலிதான் இன்னும் விட்டபாடில்லை. "வயசானா உடம்போட காவலும் தடுமாறுதுங்கம்மா. கிருமிய விரட்டப் போனது, இப்ப உங்க மூட்டுகளையே எதிரின்னு அடிக்குது" என்கிறாள் டாக்டர். "எங்க தோப்பு நாயும் அப்படித்தானுங்க அம்மணி. கெழடாகி, தேங்கா திருடறவன உட்டுப்போட்டு எங்களையே கடிக்க வருதுங்க." டாக்டர் சிரித்தபடி இரண்டு விரல்களை நீட்டுகிறாள். "இறுக்கிப் பிடிங்க." சாந்தாமணி பூவைத் தொடுவதுபோல் பிடிக்கிறாள். டாக்டரின் சிரிப்பு மறைகிறது. மூன்றாவது தடவை வந்திருக்கிறாள்; இந்தத் தடவையும் பிடியில் பலமில்லை. இனி ஊசிதான் என்று பேனா மருந்துச் சீட்டில் இறங்குகிறது. சுவரோரம் நிற்கும் கணவர் கந்தப்பன் தொண்டையைக் கனைக்கிறார். "ஏனுங்க, காத்தால சட்னிக்கு முழுத் தேங்காயும் இவதானுங்க துருவுனா." பேனா நிற்கிறது. சாந்தாமணி கூசிப் போகிறாள். "டாக்டர் கையப் போயி எப்படிங்க நசுக்கறது? மரியாதையா இருக்குமுங்களா?" "பரவால்லீங்கம்மா, நசுக்குங்க." அவள் முந்தானையில் கையைத் துடைத்து, "மன்னிச்சுக்கோணுமுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிடிக்கிறாள். "அம்மா!" என்ற டாக்டரின் அலறலைக் கேட்டு, வெளியே வரிசையில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். சிவந்த விரல்களை உதறிக்கொண்டே, 'ஊசி வேண்டாம்' என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதுகிறாள் டாக்டர்.